உதிரியாகவே வாங்கிக் கொடுங்கள்

பேரப்பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றால் நம் வயதுக்காரர்கள் இப்போது ரிமோட் கார் வாங்கக் கிளம்பிவிடுகிறோம். பையனுக்கு பதின்மூன்று, பதினான்கு வயதாகியிருந்தால் சாதா பேட்டரி காருக்கு மசிய மாட்டான். புகை விட்டுக்கொண்டு, மண்ணைக் கிளப்பிக்கொண்டு ஓடும் நைட்ரோ டிரக்தான் வேண்டும் என்பான். கடைக்காரர் முதலில் எடுத்து வைப்பது 'ரெடி டு ரன்' பெட்டி. பிரித்ததும் எரிபொருள் ஊற்றி ஓட்டலாம்.

அதை வாங்காதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வாங்குவதென்றால் கிட்டாக, அதாவது உதிரி பாகங்களாக வாங்குங்கள். உட்கார்ந்து பையனோடு சேர்ந்து கட்டுங்கள். அது முடியாதென்றால் ஒரு கிரிக்கெட் மட்டை வாங்கிக் கொடுத்துவிடுங்கள், பணமாவது மிஞ்சும்.

இந்தப் பொழுதுபோக்கில் கட்டுவது என்பது ஆரம்பத்திலிருந்தே உண்டு. 1976ல் ஜப்பானின் டாமியா நிறுவனம் போர்ஷே 934 காரின் ரேடியோ மாடலைக் கொண்டுவந்தபோது அது பாகங்களாகத்தான் வந்தது. வாங்கியவர் கட்டினால்தான் கார். 1999ல் அமெரிக்காவின் டிராக்சாஸ் நிறுவனம் டி-மேக்ஸ் என்ற நைட்ரோ டிரக்கை முழுதாகக் கட்டியே விற்றது. நல்ல வண்டி, சக்கைப்போடு போட்டது. ஆனால் அந்த வழியில் போய்ப் போய், இன்று கிட் வேண்டும் என்று கேட்டால் கடைப் பையனே நம்மை ஏற இறங்கப் பார்க்கிறான்.

கட்டினால் என்ன கிடைக்கும்? போன கோடை விடுமுறையில் நானும் என் மகள் வயிற்றுப் பேரனும் எட்டில் ஒரு பங்கு அளவு டிரக் ஒன்றைக் கட்டினோம். தினம் ஒரு மணி நேரம், மூன்று வாரம். பம்ப்செட் கம்பெனியில் ஃபிட்டராகச் சேர்ந்து 34 வருடம் வேலை பார்த்தவன் நான். அங்கே கற்றதில் பாதியை அந்த மூன்று வாரத்தில் அவனுக்குச் சொல்லிக் கொடுக்க முடிந்தது.

முதலில் டிஃபரன்ஷியல். முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, பின்னால் ஒன்று. ஒவ்வொன்றிலும் சிலிக்கான் எண்ணெய் ஊற்ற வேண்டும், ஒவ்வொன்றுக்கும் கெட்டித்தன்மை வேறு. "மூணுக்கும் ஒரே எண்ணெய் ஊத்துனா என்னங்க அப்புச்சி?" என்றான். ஒரு சக்கரம் மண்ணில் வழுக்கினால் சக்தியெல்லாம் அந்தப் பக்கமே ஓடிவிடும், எண்ணெய் கெட்டியாக இருந்தால் அந்த ஓட்டத்தைத் தடுக்கும் என்று விளக்கினேன். அன்று சாயங்காலமே வாசலில் நின்ற எங்கள் காருக்கு அடியில் குனிந்து, "இதுலயும் அது இருக்குதுங்களா?" என்று கேட்டான்.

அடுத்தது ஸ்க்ரூ. உலோகத்தில் ஏறும் மரைக்கு லாக் பசை ஒரு சொட்டு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் என்ஜின் அதிர்வில் கழன்றுவிடும். பிளாஸ்டிக்கில் ஏறும் மரைக்கு அதை வைக்கக்கூடாது, பிளாஸ்டிக் வெடித்துவிடும். கிளட்ச் பெல்லுக்கும் பெரிய பல்சக்கரத்துக்கும் இடைவெளி வைக்க ஒரு துண்டுக் காகிதம் போதும். இரண்டு பல்லுக்கும் நடுவில் காகிதத்தை வைத்து அழுத்தி, ஸ்க்ரூவை முறுக்கிவிட்டு, காகிதத்தை உருவி எடுக்க வேண்டும்.

பிறகு என்ஜின். மூன்றரை சிசி, டூ ஸ்ட்ரோக். பெட்ரோல் ஊற்றினால் ஓடாது. மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் எண்ணெயும் கலந்த எரிபொருள் வேண்டும். ஸ்பார்க் பிளக் கிடையாது, குளோ பிளக்தான். கிளப்பும்போது மட்டும் ஒன்றரை வோல்ட் கொடுத்தால் போதும். அப்புறம் பிளக்கிலுள்ள பிளாட்டினம் கம்பி மெத்தனாலோடு சேர்ந்து தன் சூட்டிலேயே கனன்றுகொண்டிருக்கும். சிலிண்டர் மேல்பக்கம் கொஞ்சம் குறுகலாக இருப்பதால், ஆறிய என்ஜினில் பிஸ்டன் மேலே வந்து இறுக்கிக்கொள்ளும். விவரம் தெரியாதவன் என்ஜின் ஜாம் என்று கடைக்கு ஓடுவான். ஹேர் டிரையரால் கொஞ்சம் சூடு காட்டினால் சுற்றிவிடும்.

விவரம் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தேன். எங்கள் தெருவில் ஒரு பையனுக்கு ரெடிமேட் டிரக் வாங்கிக் கொடுத்தார்கள். இரண்டாம் மாதமே கிளம்பவில்லை. வாங்கிய கடையில் புது என்ஜின் போடச் சொன்னார்கள். விலையைக் கேட்டு வீட்டில் வாயடைத்துப் போனார்கள். வண்டி பரணுக்குப் போனது. கீழே இறக்கச் சொல்லி பிளக்கைக் கழற்றி கரண்ட் கொடுத்துப் பார்த்தேன், கம்பி சிவக்கவில்லை. சில நூறு ரூபாய் சாமான். மாற்றியதும் கிளம்பிவிட்டது. அந்தப் பையன் கெட்டிக்காரன்தான். ஆனால் அப்படி ஒரு பிளக் இருப்பதே அவனுக்குத் தெரியாது. பிரித்துப் பார்க்காத பொருளுக்கு அவன் எப்படிச் சொந்தக்காரன் ஆவான்? ஆயுசுக்கும் வாடிக்கையாளன்தான்.

மறுத்துப் பேசுகிறவர்கள் மூன்று சொல்கிறார்கள்.

கிட் செலவு அதிகம் என்பது முதலாவது. உண்மைதான். பந்தய வகை கிட்டில் பெரும்பாலும் என்ஜின், ரேடியோ, சர்வோ எல்லாம் தனியாக வாங்க வேண்டும். ஆனால் ரெடிமேட் வண்டிக்குப் பின்னால் வரும் ரிப்பேர் பில்லையும் கணக்கில் சேருங்கள்.

பேட்டரி வண்டி இதைவிட வேகம், புகையில்லை, சத்தமில்லை என்பது இரண்டாவது. அதுவும் உண்மை. பேட்டரிதான் பிடிக்குமென்றால் பேட்டரி கிட்டே வாங்குங்கள், எனக்குச் சண்டையில்லை. ஆனால் சத்தத்தைக் கேட்டும் புகையைப் பார்த்தும் ஒரு இயந்திரத்தின் நாடியைப் பிடிக்கக் கற்க நைட்ரோ மாதிரி வாத்தியார் கிடையாது. புகை குறைந்து குரல் கீச்சென்று போனால் எரிபொருள் போதவில்லை, சூடு ஏறுகிறது என்று அர்த்தம். தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் மூன்று நான்கு விநாடியில் ஆவியாக வேண்டும். விட்டதும் சீறிப் பறந்தால் ஊசியைக் கொஞ்சம் திறந்துவிட வேண்டும்.

ஆபத்து என்பது மூன்றாவது. இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2024ல் கள்ளக்குறிச்சியில் அத்தனை உயிர்களைக் குடித்தது இதே மெத்தனால்தான். அது எரிந்தால் பகலில் சுவாலைகூடக் கண்ணுக்குத் தெரியாது. அதனால் எரிபொருள் டப்பா எங்கள் வீட்டில் பூட்டிய அலமாரியில் இருக்கிறது, சாவி என்னிடம். ஊற்றுவது வீட்டுக்கு வெளியே, கையுறையோடு. ரெடிமேட் வண்டியிலும் ஊற்றுவது இதே விஷத்தைத்தானே! அங்கே அதைச் சொல்லிக் கொடுக்கப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

நம் ஊரையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1937ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவிலேயே முதன்முதலாக மின் மோட்டார் செய்தது இந்தக் கோவையில்தான். அதற்குப் பின்னால் சந்துக்குச் சந்து வந்த லேத் பட்டறைகளும் ஃபவுண்டரிகளும் யாரோ கட்டிக் கொடுத்ததை வாங்கி வந்தவை அல்ல. கழற்றிப் பார்த்து, மாட்டிப் பார்த்து, கைவிரலில் கிரீஸோடு வளர்ந்த தலைமுறை அது. அந்தக் கை நம்மிடம் இன்னும் இருக்கிறது. பேரன்களிடம் போகாவிட்டால் நம்மோடு முடிந்துபோகும்.

இந்த வயதில் பொம்மை வண்டியா என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பார்க் பெஞ்சில் உட்கார்ந்து சர்க்கரை அளவைப் பற்றிப் பேசுவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஆலன் கீ பிடிக்கத் தெரிந்த விரல்களுக்கு வீட்டிலேயே ஒரு மாணவன் காத்திருக்கும்போது, அவனிடம் மூடிய பெட்டியை நீட்டிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்வது நியாயமில்லை.

அடுத்த பிறந்தநாளுக்குக் கடைக்குப் போனால் ஒரே கேள்வி கேளுங்கள்: "தம்பி, இது கட்டாம வருமா?" வரும் என்றால் வாங்குங்கள்.