கிளட்சைத் திறந்து பார்க்கும் உரிமை

லட்சம் கிலோமீட்டரை நெருங்கிய ஒரு மோட்டார் சைக்கிள், மேம்பாலத்தின் ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை எவ்வளவு முறுக்கினாலும் எஞ்சின் மாத்திரம் இரைந்துகொண்டும், சக்கரம் பழைய வேகத்திலேயே உருண்டுகொண்டும், பெட்ரோலை வழக்கத்துக்கு மேல் குடித்துக்கொண்டும் இருக்குமானால், அதன் சொந்தக்காரருக்கு நாலு பேரும் சொல்லும் யோசனை, வண்டிக்கு வயதாகிவிட்டது, வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் புதிது வாங்கிக்கொள்ளும் என்பதுதான். இந்த யோசனை பிசகானது என்பதும், வண்டியில் புல்லிங் இல்லாமற்போவதற்கு அநேகமாகக் காரணமாயிருக்கிற கிளட்சை, சிரத்தையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவகாசமும் உள்ள எந்தக் கிரகஸ்தரும் தம் வீட்டு வாசலிலேயே மாற்றிக்கொள்ளலாம் என்பதும், அதற்கு வேண்டிய விவரங்களைத் தமிழில் அச்சிட்டுத் தருவது வண்டி செய்கிறவர்களின் கடமை என்பதும் என்னுடைய திடமான அபிப்பிராயம்.

நம் தெருக்களில் ஓடும் கியர் வண்டிகளில் பெரும்பாலானவற்றின் கிளட்ச், எஞ்சின் ஆயிலிலேயே ஊறிக் கிடக்கும் தட்டுகளின் தொகுதி. உராய்வுப் பொருள் ஒட்டிய கிளட்ச் பிளேட் ஒன்று, வெறும் எஃகுத் தட்டு ஒன்று என்று மாற்றி மாற்றி, இட்லித் தட்டுகளைப் போல அடுக்கப்பட்டு, ஸ்பிரிங்குகளின் அழுத்தத்தால் அவை இறுகி நிற்கின்றன. முன்னவை எஞ்சினோடும் பின்னவை கியர்பாக்ஸோடும் பிணைந்தவை. லீவரைப் பிடித்தால் பிரிகின்றன, விட்டால் சேர்கின்றன. நெரிசலில் ஹாஃப் கிளட்சிலேயே ஊர்ந்து ஊர்ந்து உராய்வுப் பொருள் தேய்ந்துபோனால், தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, எஞ்சினின் சக்தியில் ஒரு பங்கு சக்கரத்தைச் சேராமல் உஷ்ணமாக விரயமாகிறது. மைலேஜ் குறைவதன் ரகசியம் இதுதான். எஞ்சின் பெரும்பாலும் சௌக்கியமாகவே இருக்கும்.

பிளேட்டின்மீது பழி போடுவதற்கு முன் பரீட்சிக்க வேண்டியவை இரண்டு உண்டு. முதலாவது கேபிள்: சாதாரண நூறு சிசி வண்டிகளில் லீவரின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை ஃப்ரீ பிளே, அதாவது தளர்வு, இருக்க வேண்டும், அது அறவே இல்லையென்றால், கை படாமலே கிளட்ச் பாதி பிடித்தபடி ஓடுகிறது என்று அர்த்தம், புது பிளேட் போட்டாலும் அது கருகத்தான் போகிறது. இரண்டாவது ஆயில்: காருக்கென்று செய்யப்படும் ஆயில்களில் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் சரக்குகள் சேர்ந்திருக்கின்றன; அவை காருக்கு உத்தமம், ஆயிலில் மூழ்கிய கிளட்சுக்குச் சத்துரு. டப்பாவின் பின்புறம் ஜாஸோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். இவ்விரண்டையும் கவனியாமல் எடுத்த எடுப்பிலேயே "பிளேட் போச்சு" என்று தீர்ப்புச் சொல்கிற வழக்கம் எனக்குச் சம்மதமில்லை.

பரீட்சை முடிந்து, பிளேட்தான் தேய்ந்தது என்று நிச்சயமானால், ஆயிலை வடித்துவிட்டு, கிக்கர், ஃபுட்ரெஸ்ட் முதலியவற்றை அகற்றி, கிளட்ச் கவரைக் கழற்ற வேண்டும். கவரின் போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளமல்ல. ஓர் அட்டையில் கவரின் உருவத்தை வரைந்து, அந்தந்த போல்ட்டை அதனதன் இடத்தில் குத்தி வைத்துவிட்டால் பின்னால் குழப்பமில்லை. கவர் ஒட்டிக்கொண்டிருந்தால் மரக்கட்டையால் மெல்லத் தட்டுவதே முறை. ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினால் அலுமினியத்தில் விழும் வடு, எத்தனை புது பேக்கிங் போட்டாலும் ஆயிலைக் கசியவிடும்.

தட்டுகளைக் கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. பிளேட்டின் தடிப்பை வெர்னியரால் அளக்க வேண்டும். எஃகுத் தட்டு நீலம் பாரித்திருந்தால் அது காய்ந்து வெந்திருக்கிறது. கண்ணாடிப் பலகைமேல் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். ஸ்பிரிங்கும் காலத்தால் குறுகுகிறது. அதையும் அளக்க வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமாக, அவசரத்தில் அநேகர் விட்டுவிடுகிற ஒன்று, தட்டுகளைத் தாங்கும் ஹவுசிங்கின் விரல்கள்: பிளேட்டின் பற்கள் வருஷக்கணக்காய் மோதி மோதி அங்கே படிக்கட்டு மாதிரி தழும்பு விழுந்திருக்கும். நகத்தை வைத்து வழித்தால் இடறும். ஆழமில்லாத தழும்பை நைஸ் அரத்தால் சமப்படுத்தலாம். ஆழமானால் ஹவுசிங்கையே மாற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் புது பிளேட்டும் தாராளமாய் நகராமல், சிக்னலில் வண்டி முன்னுக்கு இழுக்கும். புது பிளேட்டுகளைப் புது ஆயிலில் ஓர் இரவு ஊறவைத்து மாட்டுவதும், ஸ்பிரிங் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குவதும் அவசியம்.

சில வண்டிகளில் ஸ்பிரிங் போல்ட்டுகளைக் கழற்றிய மாத்திரத்தில் தட்டுகள் கைக்கு வந்துவிடும். வேறு சிலவற்றில் நடு நட்டைக் கழற்ற வேண்டும், அதற்குத் தனிச் சாவி உண்டு. அது இல்லாதவர்கள் அந்தக் கட்டத்தில் மெக்கானிக்கை அழைப்பதே விவேகம். வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றுவது மகா பாவம். 2016ஆம் ஆண்டின் மத்திய விதிகள் அதை அபாயகரமான கழிவாகவே வகுத்திருக்கின்றன. பழைய ஆயிலைச் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிட வேண்டும்.

இத்தனையும் செய்ய முன்வருகிற மனிதருக்குக் குறுக்கே நிற்பது என்ன? எந்தத் தடிப்புக்குக் கீழே பிளேட் உதவாது, ஸ்பிரிங் எவ்வளவு குறுகினால் தள்ள வேண்டும் என்ற எண்கள், வண்டியோடு தரும் கையேட்டில் சாதாரணமாக இருப்பதில்லை. அக்கையேடு கேபிளைச் சரிசெய்வதோடு நின்று, மற்றதற்கு டீலரிடம் போகச் சொல்கிறது. எண்கள் இருப்பது ஒர்க்‌ஷாப்புக்கென்று அச்சிடப்படும் சர்வீஸ் மானுவலில். தெருவோர மெக்கானிக்கும் கண் அளவையும் கை அனுபவத்தையும் நம்பித்தான் பிழைக்கிறார்; அவருக்கும் அந்த எண்கள் உதவும். 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு குழுவை அமைத்தபோது, முதலில் கவனிக்க வேண்டிய துறைகளில் வாகனங்களையும் சேர்த்தது. அவ்வாண்டு டிசம்பரில் அதற்கென ஓர் இணையதளமும் திறக்கப்பட்டது. நல்ல ஆரம்பம், ஆனால் பாஷை தெரியாதவனுக்குத் தகவல் கிடைத்தும் பிரயோஜனமில்லை.

விஷயம் தெரியாதவர்கள் வண்டியைப் பிரித்தால் அபாயம் என்று ஆட்சேபிப்பார்கள். வாரண்டி முடிந்து வெகு காலமான வண்டிகளை ஜனங்கள் இப்போதே பிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அளவு தெரியாமல் பிரிப்பதில்தான் அபாயம். 1955 முதல் சென்னையில் புல்லட் செய்யப்பட்டிருக்கிறது. ஓசூரிலிருந்து பல பத்தாண்டுகளாக வண்டிகள் நாடெங்கும் போகின்றன. இந்த மண்ணில் வண்டி செய்கிறவர்களை நான் வேண்டிக்கொள்வது ஒன்றுதான்: பிளேட்டின் குறைந்தபட்சத் தடிப்பு, ஸ்பிரிங்கின் நீளம், போல்ட்டை இறுக்கும் அளவு ஆகிய இவற்றை, நல்ல தமிழில், படத்தோடு ஒரே ஒரு பக்கத்தில் அச்சிட்டு, ஒவ்வொரு வண்டியின் கையேட்டிலும் சேர்த்துக் கொடுங்கள்.