கட்டாக்காலியா, காட்டு விலங்கா?

மன்னார்த் தீவிலே கழுதைகளின் தொல்லை பெருகிவிட்டதென்றும், அவற்றைப் பிடித்து லொறிகளில் ஏற்றிப் பெருநிலத்துக் காடுகளிலே கொண்டுபோய் விட்டுவிட வேண்டும் என்றும் கூறுவோர் உளர். காட்டு விலங்கு காட்டுக்குப் போவதே முறை என்பது அவர்கள் வாதம். கேட்பதற்கு நியாயம்போலத் தோன்றும் இவ்வாதத்தின் முதற்படியே பிழையானது. மன்னார்க் கழுதை காட்டு விலங்கு அன்று. நம் மக்கள் வழங்கும் சொல்லே அதற்குச் சான்று. கட்டிவைக்காது அலையவிட்ட கால்நடையை நாம் ‘கட்டாக்காலி’ என்கின்றோம். கட்டாமல் விட்டவன் ஒருவன் இருந்தான் என்னும் உண்மை அச்சொல்லுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கின்றது.

அராபிய வணிகர் கழுதையை இங்கு கொணர்ந்தனர் என்பது செவிவழி வரும் கதை. அது எவ்வாறாயினும், உப்பு மூட்டையும் தண்ணீர்க் குடமும் சலவைப் பொதியும் சுமந்து இத்தீவின் மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாக உழைத்த பிராணி அது. லொறி வந்தது, உழவு இயந்திரம் வந்தது, குழாய் நீர் வந்தது. கழுதையின் வேலை போயிற்று. வேலை போனதும் கயிறும் போயிற்று. ஓய்வூதியம் இன்றி வீதிக்கு அனுப்பப்பட்ட ஊழியன் ஒருவனை ‘நாடோடி’ என்று பெயரிட்டு அழைப்பதற்கும், இக்கழுதையைக் ‘காட்டுக் கழுதை’ என்பதற்கும் வேறுபாடு யாதும் இல்லை.

நிற்க. இப்பிராணியை எங்கே வைப்பது என்று முடிவு செய்வதற்கு முன், அது எவ்வாறு வாழ்கின்றது என்பதை அறிந்துகொள்வது முறையன்றோ?

வடகிழக்கு ஆபிரிக்காவின் வறண்ட கல்நிலங்களே கழுதையின் தாயகம். ஏறக்குறைய 7,000 ஆண்டுகளுக்கு முன் மனிதன் அங்கு அதனைப் பழக்கினான். புல்வெளியிலே பிறந்த குதிரை அஞ்சினால் கூட்டத்தோடு ஓடும். மேடும் பள்ளமும் கல்லும் நிறைந்த நிலத்திலே கண்மூடி ஓடுவது காலை முறித்துக்கொள்வதாகும். ஆகவே கழுதை ஓடுவதில்லை. நிற்கும், செவியை நிமிர்த்தும், வந்தது யாதென்று பார்க்கும், அதன் பின்னரே அசையும். இதனைப் பிடிவாதம் என்றும் மந்தம் என்றும் பழித்தோம். எதிர்பாராத கேள்விக்கு உடனே வாய்திறவாது நின்று சிந்தித்து விடைபகரும் சாட்சியை நீதிமன்றத்திலே நாம் மதிக்கின்றோம். கழுதைக்கு மட்டும் அம்மதிப்பைக் கொடுக்க மனம் வருவதில்லை. இரவிலே தாம்போதியை நோக்கி விரையும் வாகனச் சாரதி ஊதுகுழலை அழுத்தினால் கழுதை விலகும் என்று எண்ணுகின்றார். அதுவோ ஊதுகுழல் ஒலித்த அக்கணமே அசையாது நின்றுவிடுகின்றது. மோட்டார் சைக்கிளில் வந்த இளைஞனின் உயிருக்கும் கழுதையின் உயிருக்கும் உலைவைப்பது இந்த அறியாமையே.

அது வீதியிலே ஏன் படுக்கின்றது என்பதையும் கேட்கவேண்டும். கழுதையின் உரோமத்துக்குக் குதிரையின் உரோமத்தைப்போல மழைநீரைத் தடுக்கும் தன்மை இல்லை. மழை பெய்தால் தோல்வரை நனைந்து குளிரில் நடுங்கும். எனவேதான் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கடைத் தாழ்வாரங்களையும் பஸ் தரிப்பிடங்களையும் அது நாடுகின்றது. மழை விட்ட இரவிலே, சுற்றியுள்ள நிலமெல்லாம் சதசதவென்று கிடக்க, உயர்ந்து உலர்ந்து பகல்வெயிலின் வெம்மையைச் சிறிது தாங்கிக் கிடக்கும் தார் வீதியை விட்டால் அதற்கு வேறு படுக்கை ஏது?

கூடிவாழும் முறையிலும் கழுதை குதிரையினின்றும் வேறுபட்டது. 1970களில் பற்றீசியா மோல்மன் என்னும் ஆய்வாளர் அமெரிக்காவின் மரணப் பள்ளத்தாக்குப் பாலையிலே திரியும் கழுதைகளைக் கவனித்தார். அங்கே உணவு அரிது. ஆதலால் நிலையான கூட்டம் எதுவும் இல்லை. தாய்க்கும் குட்டிக்கும் உள்ள பிணைப்பு ஒன்றே நீடித்தது. வலிய ஆண்கள் நீர்நிலையை அடுத்துத் தத்தம் எல்லையை வகுத்துக்கொண்டன. ஜோர்ஜியா மாநிலத்தின் ஒசபோ தீவிலோ மழையும் புல்லும் மிகுதி. அங்கு அதே இனம் நிலைத்த குழுக்களாகக் கூடி வாழ்ந்தமை கண்டறியப்பட்டது. இனம் ஒன்று, நிலம் கொடுக்கும் உணவுக்கேற்பக் குடிவழக்கம் வேறாயிற்று. மன்னார்ப் பட்டினத்திலே கழுதைகள் திரள்திரளாக நிற்பதற்குக் காரணம் தேடுவோர், சந்தையின் பின்புறத்திலும் மூலை முடுக்குகளிலும் நாம் கொட்டும் குப்பையைப் பார்த்தால் போதும். விருந்தை விரித்துவைத்தவர் நாமே. அவ்விருந்தோடு பொலித்தீன் பைகளையும் விழுங்கி வயிறடைத்து அவை மடிகின்றன.

இனிச் சட்டத்துக்கு வருவோம். நம் நாட்டில் வழங்கும் உரோம டச்சுச் சட்டத்தின்படி காட்டு விலங்குக்கு உடையவன் இல்லை, பிடித்தவன் உடையவன். வீட்டு விலங்கோ வழிதவறிப் போனமையால் மட்டும் உடையவன் கையினின்றும் நீங்கிவிடுவதில்லை. அது தன் இயல்புக்கு மாறாகப் பிறர்க்குத் தீங்கு செய்தால் உடையவன் ஈடு செய்யவேண்டி வரலாம். கவனமின்றி வீதியில் விட்டவன் அக்கவனமின்மைக்கே பொறுப்பாவான். விபத்து நேர்ந்தவிடத்து எந்தக் கழுதைக்கும் உடையவர் முன்வருவதில்லை என்பது ஊரறிந்த இரகசியம்.

உடையவன் வேண்டுமென்றே கைவிட்ட பொருளோ எடுத்தவன் கைக்குப் போகும். இங்கேதான் நம் அச்சம். கழுதைத் தோலைக் காய்ச்சிச் சீன மருந்து செய்யும் வாணிபம் உலகெங்கும் கழுதைகளை அழித்து வருகின்றது. அதன் கொடுமை தாங்காது, ஆபிரிக்க ஒன்றியம் 2024 பெப்ரவரியில் தோலுக்காகக் கழுதைகளைக் கொல்வதற்குத் தடை விதித்தது. கழுதை ஏறக்குறைய 12 மாதம் சினை சுமந்து, பெரும்பாலும் ஒரு குட்டியையே ஈனும். அள்ளத் தொடங்கினால் ஈடுசெய்ய முடியாது. ‘உடையவனற்ற காட்டு விலங்கு’ என்று நாமே எழுதிக் கொடுத்துவிட்டு, நாளை ஒருவன் லொறியோடு வந்து நின்றால் எவ்வாறு மறிப்பது? மிருகவதையைத் தடுக்க 1907இல் இயற்றிய 13ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் விதித்த உச்சத் தண்டம் 100 ரூபாய். அது அக்காலத்தில் பெருந்தொகை. இன்று அத்தொகைக்கு ஒரு கழுதைக்குட்டியின் காதுகூட வராது.

பெருநிலத்துக்கு ஏற்றிச்செல்லும் யோசனையைக் கமக்காரர் ஒருகணம் எண்ணிப் பார்க்கட்டும். மடுக் காட்டில் விட்ட கழுதை காட்டிலேயே தங்கும் என்பதற்கு என்ன பிணை? உடல்நிறையில் நான்கிலொரு பங்குக்கு மேல் நீரை இழந்தும் உயிர்தாங்கிச் சில நிமிடங்களில் குடித்து ஈடுசெய்யும் பிராணி அது. நீரைத் தேடிக் குளத்தடிக்கு வந்தே தீரும். கட்டுக்கரைக் குளத்தின்கீழ்க் காலபோகம் செய்வோர் யானைக்கும் பன்றிக்கும் காவலிருப்பது போதாதென்று கழுதைக்கும் காவலிருக்க வேண்டுமா? பட்டினத்தார் தம் தொல்லையைக் கமக்காரன் தலையில் இறக்கிவைக்கும் திட்டம் இது. மன்னாரிலேயோ, ஓர் ஆணைப் பிடித்து அகற்றினால் அது காத்த எல்லைக்குள் மற்றோர் ஆண் வந்து நிற்கும். தாயை ஏற்றிக் குட்டியை விட்டால் விளைவு சொல்லவேண்டியதில்லை.

இதே நிலையை வேறொரு தீவு முன்னரே கண்டது. தென் அமெரிக்கக் கரையை அடுத்த பொனயர்த் தீவிற்கு ஸ்பானியர் கழுதைகளைக் கொணர்ந்தனர். உப்பளங்களிலே அவை உழைத்தன. இயந்திரம் வந்ததும் கைவிடப்பட்டன. (1658இல் மன்னாரைக் கைப்பற்றிய ஒல்லாந்தரே அத்தீவையும் ஆண்டனர் என்பது ஒரு வேடிக்கை.) வீதி விபத்தும் பட்டினியுமாக அவை அலைந்தபின், 1993இல் அங்கு கழுதைகளுக்கென ஒரு சரணாலயம் எழுந்தது. இன்று அதனைப் பார்க்க உல்லாசப் பயணிகள் செல்கின்றனர். நம் நெடுந்தீவிலும் அன்னியர் விட்டுச்சென்ற குதிரைகளே கட்டாக்காலிகளாகத் திரிகின்றன. அத்தீவிலே 2015இல் தேசிய பூங்கா பிரகடனம் செய்யப்பட்டது. குதிரைகளைக் காட்டிப் பெருமைப்படுகின்றோம். குதிரை மேலிருந்து ஆண்டவனின் வாகனம். கழுதை மூட்டை சுமந்தவனின் துணை. நம் மரியாதை எப்பக்கம் சாய்கின்றது என்பதை வாசகர் கண்டுகொள்வர்.

மன்னாரிலே கழுதைகளுக்கு மருத்துவம் செய்ய ஒரு தொண்டு நிறுவனம் முன்வந்து நிலையம் அமைத்தமையை நன்றியோடு குறிப்பிடவேண்டும். ஆனால் தொண்டர் செய்வதைக் காட்டி ஆட்சி மன்றங்கள் கைகட்டி நிற்கலாகாது. கழுதைகளை எண்ணிப் பதிவு செய்க. உரிமை கோருவோர் உளராயின் அவர் பெயரையும் பொறுப்பையும் எழுதுக. ஆண்களுட் பெரும்பாலானவற்றைக் காயடித்துப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்துக. இரவில் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டியைக் கழுத்திலே கட்டுக. குப்பைக் கிடங்கைச் சுற்றி வேலியிடுக. பட்டினத்துக்கு வெளியே மேட்டுநிலத்தில் நாலு தூணும் ஓலைக்கூரையுமாகச் சில கொட்டகைகளும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் போதும். கழுதை தானே அங்கு செல்லும். ஆடு வளர்ப்போர் இரண்டொன்றைக் கொண்டுபோய்ப் பழக்கிப் பார்க்கலாம். நாயையும் நரியையும் கண்டால் எதிர்த்து நிற்கும் இயல்பினால் பிற நாடுகளில் அது மந்தைக் காவலுக்கு வைக்கப்படுகின்றது.

இவற்றுக்கு ஆகும் செலவு பெரிதன்று. நகர சபையும் பிரதேச சபையும் அடுத்த ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தை ஐப்பசி மழையோடு மழையாகத் தயாரிக்கும். அதிலே கொட்டகைக்கென ஒரு வரி இருக்கின்றதா என்று தீவின் வாக்காளர் தத்தம் வட்டார உறுப்பினரைக் கேட்பாராக.