சுழி பார்த்துச் சொல்லும் தீர்ப்பு

ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் மாதக் கடைசியில் அமெரிக்காவில் ஒரு விசித்திரமான வைபவம் நடக்கிறது. அந்நாட்டின் தேசியக் கால்பந்து லீக்கைச் சேர்ந்த 32 கழகங்களும், கல்லூரிப் பந்தாட்டத்தில் தேர்ந்த யுவர்களை ஒருவர்பின் ஒருவராகப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்கின்றன. இதற்கு 'டிராஃப்ட்' என்று பெயர். அமெரிக்கர்களின் கால்பந்து நாமறிந்த கால்பந்து அன்று. முட்டை வடிவமான பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்து பிடித்தும், எதிராளியை உடம்பால் தடுத்தும் ஆடும் ஆட்டம். 2024-ல் டெட்ராய்ட் நகரில் 3 நாட்கள் நடந்த டிராஃப்டுக்கு 7 லட்சத்து 75 ஆயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் திரண்டு வந்தார்கள். அங்கே ஆட்டம் ஏதும் நடைபெறவில்லை. பெயர் வாசிப்பதைக் கேட்கவே அத்தனை கூட்டம்!

பெயர் வாசித்து முடிந்த மறுகணமே ரசிகர்களின் தீர்ப்பு ஆரம்பமாகிவிடுகிறது. இவன் உயரம் போதுமா? அவன் ஓட்டம் எத்தனை விநாடி? சென்ற வருஷத்துக் காயம் ஆறிவிட்டதா? மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்துச் சுழியை எண்ணி விலை பேசுவது போலவே விவகாரம் நடக்கிறது. உழவில் பூட்டிப் பார்க்குமுன் மாட்டின் குணத்தைச் சொல்லுகிறவன் சமர்த்தனாக இருக்கலாம். அவன் சொன்னதெல்லாம் பலித்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

இந்த அவசரத் தீர்ப்பினால் மிகவும் அநியாயத்துக்கு உள்ளாகிறவர்கள் 'டைட் எண்ட்' என்ற ஸ்தானத்தில் ஆடுகிறவர்களே என்பது நமது அபிப்பிராயம். காரணம் சொல்லுவோம். டைட் எண்ட் என்பவர் முன்வரிசையின் ஓரத்தில் நெருங்கி நிற்பவர். அவருக்கு இரண்டு வேலை. ஒரு சமயம் பாய்ந்து வரும் பெரிய உடம்புக்காரனைத் தடுத்து நிறுத்தித் தன் கட்சிக்காரன் ஓட வழி செய்ய வேண்டும். மறு சமயம் தாமே ஓடிச் சென்று, எறியப்படும் பந்தைப் பிடிக்க வேண்டும். பிடித்த பந்துக்குக் கணக்கு உண்டு. கடந்த கெஜத்துக்கும் கணக்கு உண்டு. தடுத்து நிறுத்தியதற்கோ மறுநாள் பத்திரிகையில் ஓர் எண்ணும் இராது. பாதி வேலை கணக்கில் வராத ஒருவரை வெறும் கணக்கைக் கொண்டு எடை போடுவது எந்த நியாயம்?

கிரீன் பே பாக்கர்ஸ் கழகத்தின் விஷயத்தை எடுத்துக்கொள்வோம். விஸ்கான்ஸின் ராஜ்யத்தில் சுமார் 1 லட்சத்து 7 ஆயிரம் ஜனங்களே வசிக்கும் சிறு பட்டணம் கிரீன் பே. அதன் கழகத்துக்குத் தனி முதலாளி கிடையாது. 1923 முதல் அது பொதுஜனங்களின் உடைமை. இன்று 5 லட்சத்துக்கு மேற்பட்டோர் அதன் பங்குதாரர்கள். அந்தப் பங்குக்கு லாபப் பங்கீடு கிடையாது. சந்தையில் விற்கவும் முடியாது. அபிமானம் ஒன்றுக்காகவே வாங்கிய பங்கு. ஆகவே அங்கே ரசிகன் தீர்ப்புச் சொன்னால், உடையவனே சொல்வதாகத்தான் கொள்ள வேண்டும்.

2023-ம் வருஷத்து டிராஃப்டில் இந்தக் கழகம் இரண்டு டைட் எண்ட்களை எடுத்தது. 42-வது பெயராக ஓரிகன் ஸ்டேட் கல்லூரியின் லூக் மஸ்கிரேவ். 78-வது பெயராகத் தென் டகோட்டா ஸ்டேட் கல்லூரியின் டக்கர் கிராஃப்ட். அந்த ஸ்தானத்தில் முன்பு ஆடிய அனுபவசாலிகள் இருவர் அவ்வருஷமே வேறு கழகத்துக்குப் போய்விட்டபடியால், இவ்விரு யுவர்களின் தலையில்தான் முழுப் பாரமும் விழுந்தது. மஸ்கிரேவ் நெடிய உருவம், நல்ல வேகம். ஆனால் கல்லூரியின் கடைசிப் பருவத்தில் முழங்காற் காயத்தினால் இரண்டே ஆட்டங்கள் ஆடியவர். கிராஃப்ட் தடுப்பு வேலையில் வலுவுள்ளவர். பெரிய கல்லூரிகளோடு மோதிப் பழகாத இரண்டாம் படிக் கல்லூரியிலிருந்து வந்தவர். எண்ணை மட்டும் பார்ப்பவர்கள் முன்னவரைப் பிரதானி என்றும் பின்னவரைத் துணை என்றும் எழுதிவிடலாம்.

நடந்தது என்ன? முதல் வருஷத்தில் மஸ்கிரேவ் 34 பந்துகளைப் பிடித்து 352 கெஜம் கடந்தார். கிராஃப்ட் 31 பந்துகளைப் பிடித்து 355 கெஜம் கடந்தார். தராசு ஏறக்குறைய சமமாக நின்றது. மறு வருஷம் கணுக்காற் காயம் மஸ்கிரேவைப் பெரும்பகுதி வெளியே உட்கார வைத்தது. கிராஃப்டோ 50 பந்துகளில் 707 கெஜமும் 7 டச் டவுன்களும் எடுத்துக் கழகத்தின் தூண்களில் ஒருவரானார். 2025 நவம்பரில் அவருக்கும் முழங்காலில் கடுங்காயம் நேர்ந்தது. அந்தப் பருவம் அவருக்கு அத்துடன் முடிந்தது. 2023-ம் வருஷத்துத் தீர்ப்புச் சீட்டில் இவற்றில் எதையேனும் எழுதியிருக்க முடியுமா?

இது ஒரு கழகத்தின் கதை மட்டுமன்று. 2018-ல் பால்டிமோர் ரேவன்ஸ் கழகம் ஹேடன் ஹர்ஸ்ட் என்பவரை 25-வது பெயராகவும், மார்க் ஆண்ட்ரூஸ் என்பவரை 86-வது பெயராகவும் எடுத்தது. இரண்டு பருவங்கள் கழிந்ததும் ஹர்ஸ்ட் வேறு கழகத்துக்கு மாற்றப்பட்டார். ஆண்ட்ரூஸ் 2021-ல் 1,361 கெஜம் எடுத்தார். 2013-ல் டிராவிஸ் கெல்ஸிக்கு முன்னதாக நான்கு டைட் எண்ட்கள் பெயர் சொல்லி அழைக்கப்பட்டனர். கெல்ஸியின் எண் 63. முழங்காற் காயத்தினால் முதல் வருஷம் ஒரே ஓர் ஆட்டத்தில் இறங்கினார். ஒரு பந்தும் பிடிக்கவில்லை. அந்த வருஷக் கடைசியில் தீர்ப்பு எழுதியிருந்தால் 'வீண்' என்றுதானே எழுதியிருப்பார்கள்? பிறகு 2016 முதல் 2022 வரை ஏழு பருவங்கள் தொடர்ந்து ஆயிரம் கெஜத்துக்குமேல் எடுத்தவர் அவரே. 2003-ல் அன்டோனியோ கேட்ஸை எந்தக் கழகமும் பெயர் சொல்லி அழைக்கவேயில்லை. கல்லூரியில் கூடைப்பந்து ஆடியவர் அவர். 2025-ல் அவருக்குக் கீர்த்தி மண்டபத்தில் இடம் அளித்தார்கள்.

'எண்ணுக்கு அர்த்தமே இல்லையா?' என்று சிலர் கேட்கலாம். இல்லையென்று நாம் சொல்லவில்லை. 2024-ல் 13-வது பெயராக எடுக்கப்பட்ட பிராக் பவர்ஸ் முதல் வருஷத்திலேயே 112 பந்துகளைப் பிடித்துத் தம் எண்ணை நியாயப்படுத்தினார். எண் என்பது கழகத்தார் செய்த ஊகம், அவ்வளவே. ஊகம் சில சமயம் பலிக்கும், சில சமயம் பொய்க்கும். அதைச் செய்தவர்கள் கழகத்தின் நிர்வாகிகள். அழைக்கப்பட்ட யுவன் தன் எண்ணைத் தானே தேர்ந்துகொள்ளவில்லை. தன் கழகத்தையும் அவன் தேர்ந்துகொள்ளவில்லை!

இவ்விடத்தில்தான் விஷயத்தின் சாரம் இருக்கிறது. 1936-ல் முதல் டிராஃப்ட் நடந்தபோது, பலங் குன்றிய கழகம் முதலில் பொறுக்கட்டும், அப்போதுதான் போட்டி சமமாகும் என்பது ஏற்பாடு. உத்தேசம் நல்லதே. ஆனால் அதற்கு விலை கொடுக்கிறவன் ஆட்டக்காரன். அழைத்த கழகத்தோடு மட்டுமே அவன் ஒப்பந்தம் பேசலாம். நான்கு வருஷத்துக்கான சம்பளத்தையும் பெரும்பாலும் அவனுடைய எண்ணே நிர்ணயித்துவிடுகிறது. 25-வது பெயருக்கு ஒரு கூலி, 86-வது பெயருக்கு அதனினும் மிகக் குறைந்த கூலி. பின்னவன் முன்னவனைவிட நன்றாக ஆடினாலும் அந்த நான்கு வருஷம் எளிதில் திரும்பாது. முழங்காலோ ஒரே நாளில் போய்விடக்கூடும். இப்படிக் கட்டுண்டு நிற்கும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளையைப் பார்த்து, 'உனக்குக் கொடுத்த எண் அதிகம்' என்று ஏசுவது ஆண்மையாகுமா?

ரசிகர்கள் வாய் மூடி இருக்க வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. டிக்கெட்டுக்குப் பணம் கொடுக்கிறவர்கள் அவர்கள்; கிரீன் பேயில் கழகமே அவர்களுடையது. கேள்வி கேட்பது அவர்கள் உரிமை, கடமையுங்கூட. ஆனால் கேள்வியைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்கட்டும். காயம்பட்ட ஆட்டக்காரனை ஏன் இத்தனை முன்னதாக எடுத்தீர்கள் என்று நிர்வாகிகளைக் கேட்கட்டும். அவன் உடம்பு தேற அவகாசம் கொடுத்தீர்களா, தடுப்பு வேலையைச் சரியாகப் பழக்கினீர்களா என்று பயிற்சியாளர்களைக் கேட்கட்டும். ஆட்டக்காரனைப் பற்றிய தீர்ப்பை மட்டும் மூன்று பருவங்கள் ஒத்திவைக்கட்டும். அதுவரை அவன் பந்து பிடிக்காத வேளைகளில் என்ன செய்கிறான் என்பதையும் கண் வைத்துப் பார்க்கட்டும்.

இவ்வளவு செய்தால் ரசிகர்களுக்கும் லாபமே. ஓட்டம் வெற்றி பெற்ற ஒவ்வொரு தடவையும் வழி திறந்துவிட்டவன் யார் என்று காணும் கண் அவர்களுக்கு வரும். ஆட்டத்தை மெய்யாகவே அறிந்தவர்கள் என்ற பெயருக்கு அந்தக் கண் உடையவர்களே பாத்தியப்பட்டவர்கள்.