பத்திலே பதினெட்டு

ஐக்கிய அமெரிக்காவிலே "பிக் ரென்" என்றொரு பல்கலைக்கழக விளையாட்டுக் கூட்டமைப்பு உண்டு. பெரும் பத்து என்பது அப்பெயரின் பொருள். 2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலிருந்து அதன் அங்கத்துவப் பல்கலைக்கழகங்கள் பதினெட்டு. "பிக் 12" என்னும் மற்றொன்றிலே பதினாறு. அத்திலாந்திக் கரையோரக் கூட்டமைப்பு என்பதிலோ பசிபிக் கரையை அண்டிய ஸ்ரான்போர்ட்டும் பேர்க்கிலியும் அங்கத்தவர்கள். எண்ணும் எழுத்தும் கற்பிக்கும் பீடங்கள் தம் தலையில் சூடிக்கொண்டு திரியும் பெயர்கள் இவை. இவற்றைக் கண்டு நகைப்பது எளிது. அமெரிக்கப் பத்திரிகையாளரும் வேண்டிய மட்டும் நகைத்துவிட்டனர். நகைப்பு அடங்கிய பின்னர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. ஒரு பல்கலைக்கழகம் யாரோடு கூடவேண்டும், யாரைப் பிரியவேண்டும் என்பதை இன்று தீர்மானிப்பவர் யார்?

இக்கூட்டமைப்புகள் தோன்றிய காலத்தில் அவற்றுக்கு ஒரு நியாயம் இருந்தது. 1896இல் அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியைச் சேர்ந்த ஏழு பல்கலைக்கழகங்கள் ஒன்று சேர்ந்தன. தமக்குள் நடக்கும் போட்டிகளுக்கு ஒழுங்கு வேண்டும், மாணவரல்லாதார் கூலிக்கு ஆட வருவதைத் தடுக்கவேண்டும் என்பன அவற்றின் நோக்கங்கள். பசிபிக் கரையிலே 1915இல் நான்கு நிறுவனங்கள் அவ்வாறே கூடின. அயலவர் அயலவரோடு ஆடினர். புகைவண்டியிற் சென்று ஆடிவிட்டுத் திங்கட்கிழமை வகுப்புக்குத் திரும்பக்கூடிய தூரமே கூட்டமைப்பின் எல்லையாயிருந்தது. நேரசூசி வகுத்துப் பழகிய ஆசிரியர் எவருக்கும் இதன் அருமை விளங்கும்.

பசிபிக் கரையின் அக்கூட்டமைப்பு, இடையிலே கலைந்தும் பெயர் மாறியும், "பக்-12" என்ற பெயரோடு நூறாண்டுக்கு மேல் நிலைத்தது. அது மடிந்த விதம் அறியத்தக்கது. 2022ஆம் ஆண்டு யூன் 30ஆந் திகதி, லொஸ் ஏஞ்சல்சிலுள்ள இரு பெரும் பல்கலைக்கழகங்களான தென் கலிபோர்ணியாவும் யூ.சி.எல்.ஏ.யும் பிக் ரென்னுக்குப் போவதாக அறிவித்தன. அடுத்த ஆண்டு யூலையிலே கொலறாடோ பிக் 12க்குத் தாவியது. 2023 ஓகஸ்ட் 4ஆந் திகதி எஞ்சியோர் புதிய ஒளிபரப்பு ஒப்பந்தத்தை ஏற்று ஒன்றாய் நிற்பர் என்று எதிர்பார்க்கப்பட்டது. அன்றைய தினமே வாஷிங்டனும் ஒறிகனும் பிக் ரென்னுக்கும், அரிசோனாவின் இரு பல்கலைக்கழகங்களும் யூட்டாவும் பிக் 12க்கும் புறப்பட்டுவிட்டன. செப்டெம்பர் 1ஆந் திகதி ஸ்ரான்போர்ட்டும் பேர்க்கிலியும் அத்திலாந்திக் கரையைத் தேடிப் போயின. அதுவும் குறைந்த பங்குக்கு. அவற்றோடு சேர்ந்து அங்கே நுழைந்த டலாஸ் நகரத்துச் செல்வந்தர் பல்கலைக்கழகமொன்று, ஒன்பது ஆண்டுகளுக்குத் தொலைக்காட்சிப் பங்கே வேண்டாமென எழுதிக்கொடுத்தது. கூலியில்லாமலேனும் அரண்மனைக்குள் நிற்க விரும்பும் சேவகனை நம் கதைகளிலே கண்டிருக்கிறோம்.

பன்னிரண்டில் எஞ்சியவை இரண்டு: ஒறிகன் மாநிலப் பல்கலைக்கழகமும் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகமும்.

இவ்விரண்டும் யாவை என்பதைச் சற்று நின்று நோக்கவேண்டும். இரண்டும் 1862இல் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய மொரில் சட்டத்தின் வழிவந்த நிலக்கொடைக் கல்லூரிகள். கமக்காரரின் பிள்ளைகளுக்கும் தொழிலாளர் பிள்ளைகளுக்கும் பயிர்த்தொழிலும் பொறியியலும் கற்பிக்கவென்று அரசாங்க நிலத்தை மாநிலங்களுக்கு வழங்கிய சட்டம் அது. (அந்நிலம் எவரிடமிருந்து பறிக்கப்பட்டதென்று பூர்வகுடிகளைக் கேட்டால் வேறொரு கட்டுரை எழுதவேண்டி வரும்.) ஒன்று கொர்வாலிஸ் என்னும் சிறு பட்டினத்தில் உளது, மற்றது கோதுமை வயல்களின் நடுவே புல்மன் என்னும் ஊரில் உளது. 1894ஆம் ஆண்டின் மாபெரும் புகைவண்டித் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குக் காரணனாயிருந்த அதே முதலாளியின் பெயரைத்தான் அவ்வூர் தாங்கி நிற்கிறது. ஒறிகன் மாநிலமோ 1915ஆம் ஆண்டின் தாபகர் நால்வருள் ஒன்று. இவை கைவிடப்பட்டது கல்வித் தரத்தாலன்று, ஆட்டத்தில் தோற்றதாலுமன்று. கொர்வாலிசைச் சுற்றியும் புல்மனைச் சுற்றியும் போதிய தொலைக்காட்சிப் பெட்டிகள் இல்லை. அதுவொன்றே குற்றம்.

தொலைக்காட்சிப் பெட்டிகளின் எண்ணிக்கை பல்கலைக்கழகத்தின் விதியானது எவ்வாறு? 1984ஆம் ஆண்டு வரை, எந்த அணி எத்தனை தடவை தொலைக்காட்சியில் தோன்றலாம் என்பதைத் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் வரையறுத்து வந்தது. ஒக்லகோமா, ஜோர்ஜியா பல்கலைக்கழகங்கள் இதனை எதிர்த்து வழக்காடின. ஏகபோக வியாபாரத்தைத் தடுக்கும் சட்டத்துக்கு இக்கட்டுப்பாடு முரணானது என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற வாக்கில் தீர்ப்பளித்தது. மறுத்தெழுதிய நீதியரசர் பைரன் வைட், இளமையிலே தாமே புகழ்பெற்ற ஆட்டக்காரராய் இருந்தவர். கல்வி நிறுவனங்களைச் சாதாரண வியாபார நிலையங்களாகக் கொள்ளல் தகாது என்பது அவர் வாதம். அது எடுபடவில்லை. ஒரு ஏகபோகம் உடைந்தது; அதன் துண்டுகளிலிருந்து சிறு ஏகபோகங்கள் முளைத்து, ஒன்றையொன்று விழுங்கத் தொடங்கின. முதலாளித்துவப் போட்டியின் இயல்பை அறிந்தவர்க்கு இது புதுமையன்று.

2007இலே பிக் ரென் தனக்கெனத் தொலைக்காட்சி அலைவரிசையொன்றைத் தொடங்கியது. அதன் பெரும்பான்மைப் பங்கு பொக்ஸ் நிறுவனத்துக்குரியது. அவ்வலைவரிசையைத் தன் கட்டணத்தொகுதியில் அடக்கிய கேபிள் நிறுவனம் வீட்டுக்கு இவ்வளவு எனப் பணம் செலுத்தியது. வீட்டார் அதனைப் பார்த்தாலும் சரி, பாராவிட்டாலும் சரி. எனவே நியூயோர்க் நகரின் அயலிலும் வாஷிங்டன் தலைநகரின் அயலிலும் ஒவ்வொரு பல்கலைக்கழகம் கிடைத்தால் இலட்சக்கணக்கான வீடுகளின் சந்தா தன்னால் வந்து சேரும். 2014இல் நியூ ஜேர்சியின் றட்கேர்சும் மேரிலாந்தும் பிக் ரென்னில் சேர்க்கப்பட்ட சூட்சுமம் இதுவே. பந்தையே கண்டிராத பாட்டியின் கேபிள் கட்டணத்திலிருந்து பயிற்றுநரின் சம்பளத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டப்பட்டது. 2022 ஓகஸ்டிலே பொக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி. ஆகிய மூன்றோடும் பிக் ரென் செய்துகொண்ட ஏழாண்டு ஒப்பந்தத்தின் பெறுமதி 700 கோடி டொலருக்கு மேல் எனச் செய்திகள் கூறின. பக்-12க்கு அப்பிள் நிறுவனம் காட்டிய தொகையோ, பல்கலைக்கழகமொன்றுக்கு ஆண்டுக்கு இரண்டு கோடி முதல் இரண்டரைக் கோடி டொலர் வரை எனப்பட்டது. ஒறிகனும் வாஷிங்டனும் போன இடத்திலே தொடக்கத்திற் பெற்றது ஏறத்தாழ மூன்று கோடி. நூறாண்டு அயலுறவின் விலை இந்த வித்தியாசந்தான்.

இதற்கு வக்காலத்து வாங்குவோர் உளர். உதைபந்தாட்டத்தின் வருவாயாலன்றோ நீச்சலும் மல்யுத்தமும் பெண்கள் விளையாட்டுகளும் வாழ்கின்றன, பணம் வருவது எல்லோருக்கும் நன்மையன்றோ என்பர். (அவர்கள் உதைபந்தாட்டம் என்பது நாம் ஆடுவதன்று, பந்தைக் கையிற் பற்றி ஓடி ஒருவரையொருவர் மோதி வீழ்த்தும் ஆட்டம்.) மேரிலாந்து பிக் ரென்னுக்குப் போவதாக அறிவித்த அதே 2012ஆம் ஆண்டிலே ஏழு விளையாட்டு அணிகளைக் கலைத்தது. உதைபந்தாட்ட அணி வாரம் ஒருமுறை, தனி விமானத்திற் பறக்கிறது. கரப்பந்தாட்டப் பெண்களும் மென்பந்தாட்டப் பெண்களும் வாரநாட்களிலும் ஆடவேண்டியவர்கள். றட்கேர்சிலிருந்து லொஸ் ஏஞ்சல்ஸ் ஏறத்தாழ 4000 கிலோமீற்றர். இடையிலே மூன்று மணிநேர நேரவித்தியாசம். அம்மாணவிகளின் ஆட்டத்துக்காக எந்தத் தொலைக்காட்சி நிறுவனமும் கோடி கொடுக்கவில்லை. ஆயினும் கோடி கொடுத்தவன் வரைந்த படத்தின்படியே அவர்களும் அலையவேண்டும். அவர்கள் வாழ்வதற்கென்று வந்த பணம் அவர்களது நித்திரையையும் வகுப்பையும் தின்கிறது.

வந்த பணம் எங்கே போகிறது என்பதையும் கேட்கலாம். மிகப் பெரும்பாலான அமெரிக்க மாநிலங்களில் அரசாங்கச் சம்பளம் பெறுவோருள் முதலிடம் பெறுபவர் ஆளுநரல்லர், மருத்துவப் பேராசிரியருமல்லர், ஒரு பயிற்றுநர். 2023 நவம்பரிலே டெக்சாஸ் ஏ அன்ட் எம் பல்கலைக்கழகம் தன் உதைபந்தாட்டப் பயிற்றுநரை விலக்கியது. வேலை செய்வதற்கன்று, வேலையை விட்டு நிற்பதற்காக அவருக்குக் கொடுக்க ஒப்புக்கொண்ட தொகை 7 கோடி 50 இலட்சம் டொலருக்கு மேற்பட்டது. யூ.சி.எல்.ஏ.யின் கதை இன்னும் விசித்திரம். அதுவும் பேர்க்கிலியும் ஒரே கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் இரு வளாகங்கள். பத்துக் கோடி டொலரைத் தாண்டிய பற்றாக்குறையைத் தீர்க்க மூத்த பிள்ளையைத் தெருவில் விட்டுவிட்டு இளைய பிள்ளை போனது. நட்டத்துக்கு ஈடாக ஆண்டுக்கு ஒரு கோடி டொலர் பேர்க்கிலிக்குக் கொடுக்கும்படி ஆட்சிக்குழு 2024இல் பணித்தது. வீட்டைப் பிரித்தபின் வழங்கப்படும் ஜீவனாம்சம் என்க.

எதிர்த் திசையிலிருந்து வருவோரின் வாதம் இன்னும் ஆபத்தானது; ஏனெனில் அது நல்லெண்ணத்தின் உடையிலே வருகிறது. அன்று விளையாட்டுத் தூயதாயிருந்தது, மாணவர் பணம் கேட்கத் தொடங்கியதாலேயே யாவும் கெட்டன என்று இவர்கள் புலம்புகின்றனர். அந்தத் தூய காலம் எது? அமெரிக்கக் கல்லூரிகளிடையே நடந்த முதலாவது போட்டி 1852இல் ஹாவர்ட்டும் யேலும் நடத்திய படகோட்டம். அதற்குச் செலவு செய்தது, தன் வண்டிகளுக்கு உல்லாசப் பயணிகளைத் தேடிய ஒரு புகைவண்டிக் கொம்பனி. 1929இலே கார்னெகி அறநிலையம் வெளியிட்ட நீண்ட அறிக்கை, கல்லூரி விளையாட்டு வியாபாரமாகிவிட்டதென்று அன்றே கூறிற்று. பணம் எப்போதும் இருந்தது; அதனை விளைவிப்பவனுக்கு மட்டும் அது கிட்டவில்லை.

"மாணவ வீரர்" என்ற சொற்றொடரின் பிறப்பை நோக்குக. அது கவிஞன் படைத்த சொல்லன்று. வழக்கறிஞர் படைத்த சொல். 1950களிலே, ஆட்டத்தில் காயமுற்றோரும் இறந்தோரின் குடும்பத்தாரும் தொழிலாளர் நட்டஈடு கேட்கத் தொடங்கினர். அவர்கள் தொழிலாளர் என்று நீதிமன்றம் கூறிவிடாதபடி தடுக்கவே அச்சொல் புனையப்பட்டது. தேசியச் சங்கத்தை 1951 முதல் 1988 வரை நடத்திய வோல்ட்டர் பையர்ஸ் என்பவரே பிற்காலத்தில் எழுதிய நூலில் இதனை வெளிப்படையாய்க் கூறியுள்ளார். 1955இல் தலையில் அடிபட்டு இறந்த ஒரு கொலறாடோ மாணவனின் மனைவி நட்டஈடு கோரினாள். கல்லூரி உதைபந்தாட்ட வியாபாரத்தில் ஈடுபடவில்லை என்று 1957இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் கூறி, அவளை வெறுங்கையோடு அனுப்பியது. இருபத்தேழு ஆண்டின் பின் அதே கல்லூரிகள் தம் ஒளிபரப்புச் சரக்கைச் சுதந்திரமாய் விற்க, வியாபாரச் சட்டத்தையே துணைக்கு அழைத்தன. விதவைக்கு முன்னால் பள்ளிக்கூடம். தொலைக்காட்சிக்கு முன்னால் கடை.

இந்த இரட்டை வேடம் இப்போது கிழிந்து வருகிறது. 2021இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாய்ச் சங்கத்துக்கெதிராகத் தீர்த்தது. 2025 யூன் 6ஆந் திகதி அங்கீகரிக்கப்பட்ட வழக்குத் தீர்வின்படி, முன்னாள் வீரருக்கு 280 கோடி டொலர் பத்தாண்டுகளிற் கொடுபடும். பல்கலைக்கழகமொன்று முதலாண்டிலே ஏறத்தாழ 2 கோடி 5 இலட்சம் டொலர் வரை தன் வீரரோடு நேரே பகிரலாம். அவ்வீரருட் கணிசமானோர் ஏழைக் கறுப்பினக் குடும்பங்களின் பிள்ளைகள். இதைக் கண்டு, வீரர் விசுவாசமற்றவராகி அணி விட்டு அணி தாவுகின்றனர் எனக் கண்ணீர் வடிப்பவர் யார்? ஒரே காலைப்பொழுதில் நூறாண்டுக் கூட்டை உதறிய தலைவர்களே. பத்தொன்பது வயது இளைஞன் தாவினால் ஒழுக்கக்கேடு. பல்கலைக்கழகம் தாவினால் தூரநோக்கு.

ஆனால் பகிரப்படும் இப்பணம் உரிமையன்று, சலுகையே. பேரம் பேசும் சங்கம் அவர்களுக்கில்லை. 2024 மார்ச்சிலே டார்ட்மத் கல்லூரியின் கூடைப்பந்தாட்ட வீரர் பதின்மூன்றுக்கு இரண்டு என்ற வாக்கிலே தொழிற்சங்கம் அமைக்க முடிவு செய்தனர். கல்லூரி பேச மறுத்தது. ஆண்டு முடிவிலே, தொழிலுறவுச் சபையின் அமைப்பு மாறப்போவதை உணர்ந்து மனுவைத் திருப்பிப் பெற்றுக்கொண்டனர்.

ஆட்டத்தையே ஒழித்துவிடலாமே என்பாரும் உளர். 1939இல் சிக்காகோப் பல்கலைக்கழகத் தலைவர் ஹட்சின்ஸ் அதைச் செய்துகாட்டினார். வெறுமையான அந்த மைதானத்தின் பார்வையாளர் மேடைக்குக் கீழேதான் 1942 டிசெம்பரில் முதலாவது அணுச் சங்கிலித்தாக்கம் நிகழ்ந்தது. விளையாட்டை ஒழித்தால் சமாதானம் பிறக்கும் என்று எண்ணவேண்டாம். சிக்காகோ றொக்பெல்லரின் பணத்திற் பிறந்தது. கமக்காரப் பிள்ளைகளின் பல்கலைக்கழகத்துக்கு அந்த வசதியில்லை. அவர்களுக்கு விளையாட்டு வேண்டாததுமன்று. வேண்டுவது வேறு. உதைபந்தாட்டம் ஒன்றே தொலைக்காட்சிக்குரிய சரக்காயின் அதனைத் தனியே பிரித்து, ஏனைய விளையாட்டுகளை அயலவரிடமே திருப்பிக் கொடுக்கலாம். ஆடுவோரைத் தொழிலாளராய் ஒப்புக்கொண்டு அவர்களுடைய சங்கத்தோடு மேசையிலிருந்து பேசலாம். பொதுப் பணத்தில் வாழும் நிறுவனம் தன் கூட்டை மாற்றுமுன் அந்த மாநிலத்து மக்கள் முன் விவாதிக்கலாம். இவற்றுள் எதுவும் புரட்சியன்று; சாதாரண சனநாயகம்.

கைவிடப்பட்ட இரண்டும் என் செய்தன? முதலில் நீதிமன்றம் சென்று பழைய கூட்டமைப்பின் பெயரையும் நிர்வாகத்தையும் மீட்டன. பின்னர் 2024இல், மலைப்பகுதியைச் சேர்ந்த தம்மிலும் வறிய கூட்டமைப்பொன்றிலிருந்து ஐந்து பல்கலைக்கழகங்களைத் தம்பக்கம் இழுத்துக்கொண்டன. நேற்று அடிபட்டவனின் கையில் இன்று அதே தடி. அவர்களை ஏசி என்ன பயன்? இந்தச் சந்தையிலே பிழைக்க வேறு வழி வைக்கப்படவில்லை.

2025இலே பிக் ரென்னின் வருங்கால வருவாயில் ஒரு பங்கை ஏறத்தாழ 240 கோடி டொலருக்கு விற்கும் யோசனை எழுந்தது. வாங்க முன்வந்தது கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் முதலீட்டுப் பிரிவு. அப்பல்கலைக்கழக ஊழியரின் ஓய்வூதிய நிதியைப் பராமரிப்பதும் அதுவே. மிச்சிகனும் தென் கலிபோர்ணியாவும் எதிர்த்து நின்றமையால் நவம்பரிலே அவ்வியாபாரம் ஒத்திவைக்கப்பட்டது. பேர்க்கிலியின் நூலகரும் ஆய்வுகூட உதவியாளரும் தம் முதுமைக்கென மாதந்தோறும் இட்ட பணம், பேர்க்கிலியின் கூட்டை உடைத்தவர்களிடம் பங்கு வாங்கப் போகவிருந்தது. அவர்களிடம் எவரும் அபிப்பிராயம் கேட்டதாக நாம் கண்ட செய்திகள் எதிலும் இல்லை.