வீட்டுக் கணக்கு யார் கையில்?

சிலமலையிலும் போடி வட்டாரத்து மற்ற ஊர்களிலும் பொழுது விடியுமுன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். ஏலத் தோட்டத்துக்குப் போகும் வேலையாட்கள் அதில் இருப்பார்கள். மலையிலே கூலி, மளிகைக் கடையிலே பற்று. மகளிர் குழுவுக்குத் தவணை, பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் செலவு. சொந்தத் தோட்டம் உள்ளவருக்கோ ஏலக்காய் விலை ஏலத்துக்கு ஏலம் மாறும். கணக்கு எழுதாமல் குடும்பம் நடத்துவது எப்படி?

முன்பு நோட்டுப் புத்தகம். இப்போது கைபேசி.

"கணக்கை நாங்களே போடுகிறோம். காசு வேண்டாம்!" என்று பல செயலிகள் வருகின்றன. வங்கியில் இருந்து வரும் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கின்றன. சரி என்று ஒரு தட்டுத் தட்டினால் போதும். சம்பளம் எவ்வளவு, கடன் எவ்வளவு, எந்த மாதம் கையைக் கடிக்கிறது என்பதெல்லாம் எங்கோ உள்ள ஒரு கம்பெனிக்குத் தெரிந்துவிடும். அந்த மாதம் பார்த்து, "கடன் வேண்டுமா?" என்று கேட்பது அதற்குக் கஷ்டமா?

கணக்கு அடுத்தவர் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பது தோட்டத் தொழிலாளிக்குப் புதிய சங்கதி அல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் "துண்டு" என்று ஒன்று இருந்தது. தொழிலாளியின் கடனை எழுதிய சீட்டு அது. புதிய தோட்டத்தார் அந்தத் தொகையைக் கட்டினால்தான் ஆளை விடுவார்கள். கடன் கணக்கோ கங்காணி கையில்! தொழிலாளர்களில் பெரும்பாலோருக்கு எழுத்தே தெரியாது. 1921-ல்தான் சட்டம் அதை ஒழித்தது.

இலவசச் செயலிக்கு ஆயுளும் நிச்சயம் இல்லை. அமெரிக்காவில் "மின்ட்" என்ற கணக்குச் செயலி பேர் பெற்றது. அதை நடத்திய இன்டூயிட் கம்பெனி 2024 மார்ச்சில் மூடிவிட்டது. ஆண்டுக்கணக்கில் எழுதி வந்தவர்கள் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று.

கடன் செயலிகள் கைபேசியில் உள்ள பெயர்ப் பட்டியலைத் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் உத்தரவு போட்டது. தனிநபர் தகவலைக் காக்க 2023-ல் சட்டமும் வந்தது. நல்லதுதான். ஆனால், வீட்டிலே பூட்டு இருக்கும்போது போலீசை நம்பிக் கதவைத் திறந்து போடுவானேன்?

செயலியை வைக்குமுன் ஒரு சோதனை செய்யலாம். இணையத்தை அணைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். ஓடுகிறதா? கணக்கை அப்படியே வெளியே எடுத்து வேறு இடத்தில் வைக்க முடிகிறதா? முடியாவிட்டால் அது வேண்டாம்.

கம்ப்யூட்டர் உள்ளவருக்கு "க்னூகேஷ்" இருக்கிறது. காசு இல்லை. கணக்கு முழுவதும் அவரவர் கம்ப்யூட்டரிலேயே கோப்பாக இருக்கும். ஆனால், கடைப் பேரேடு மாதிரி பற்று, வரவு இரண்டும் எழுத வேண்டும். பழகச் சில நாள் பிடிக்கும். அது பெரிதாகத் தோன்றினால் பழைய நோட்டே போதும். அதை எந்தக் கம்பெனியும் மூட முடியாது.

சொந்தக் கோப்பிலும் ஒரு தொல்லை உண்டு. கைபேசி தண்ணீரில் விழுந்தால் கணக்கும் போச்சு! ஆகவே வாரம் ஒரு முறை பென் டிரைவில் ஒரு நகல் எடுக்க வேண்டும். கடவுச்சொல் கணவனுக்கு மட்டும் தெரிந்தால் போதாது. மனைவிக்கும் தெரிய வேண்டும்.