அணிந்தவர் பெயர் நின்றது

1799 பிப்ரவரியில் வேலூரில் திரண்ட கிழக்கிந்தியக் கும்பெனிப் படை, திப்பு சுல்தானை எதிர்த்து மைசூர் நோக்கிப் புறப்பட்டது. முப்பது வயது நிரம்பாத கர்னல் ஆர்தர் வெல்லெஸ்லி அந்தப் போரில் ஒரு பிரிவுக்குத் தலைமை தாங்கினார். மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்புவின் குடும்பம் வேலூர்க் கோட்டையில் சிறை வைக்கப்பட்டது. வெல்லெஸ்லி பின்னாளில் வெலிங்டன் பிரபுவாகி, 1815இல் வாட்டர்லூவில் நெப்போலியனை முறியடித்தார்.

அவர் லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தெருவில் பூட்ஸ் தைக்கும் கடை வைத்திருந்த ஹோபியிடம், அன்று வழக்கிலிருந்த ஹெஸ்ஸியன் பூட்ஸைக் கன்றுத் தோலில், காலோடு ஒட்டியதாக மாற்றித் தைக்கச் சொன்னார். குதிரை சவாரிக்கும் மாலை விருந்துக்கும் அது பொருந்தியது. ஊரே அதை 'வெலிங்டன்' என்றது. 1850களில் ரப்பர் வந்து தோலின் இடத்தைப் பிடித்தபோதும் பெயர் மாறவில்லை. இன்றும் சேற்றில் நடக்கும் ரப்பர் பூட்ஸுக்கு இங்கிலாந்தில் அதே பெயர்தான். வாட்டர்லூவில் அவருக்குத் துணைநின்ற பிரஷ்யத் தளபதி புளூச்சரின் பெயரும் நாடா கட்டும் ஒருவகை ஷூவுக்கு நிலைத்தது. ஷூ தைப்பவர்கள் இன்றும் 'புளூச்சர்' என்றே சொல்கிறார்கள்.

ஹோபியின் பெயர் அந்த பூட்ஸில் ஏறவில்லை. பொருளுக்குப் பெயர் தரும் உரிமை, அதைச் செய்த கையைவிட அணிந்த அதிகாரத்துக்கே வாய்த்தது.

நம் வேலூர் வட்டாரத்துத் தோலுக்கும் இதுவே நேர்ந்தது. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு நம்மவர்கள் பதனிட்ட தோல், உலகச் சந்தையில் 'ஈஸ்ட் இந்தியா' தோல் ஆனது. புவிசார் குறியீடு கிடைத்தபோதும் அது 'ஈ.ஐ. தோல்' என்றே பதிவாயிற்று.

1970களில் அரசு, பதனிடாத தோல், அரைகுறையாகப் பதனிட்ட தோல் ஆகியவற்றின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுமையாக்கிய தோலையும் ஷூவையும் ஊக்குவித்தது. குரோம் பதனிடுதல் பெருகியது, வேலை வளர்ந்தது, அதன் கழிவால் பாலாறும் கிணறுகளும் கெட்டன. 1996இல் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே ஈடு தரவேண்டும் என்ற நெறியை இந்தியச் சட்டத்தில் ஊன்றியது. அந்த வழக்கைத் தொடுத்தது வேலூர் குடிமக்கள் நல மன்றம். சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்று வேலூரின் பெயரை அறிவது அதன் காயத்தின் வழியாகத்தான்.

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பெண்கள் தைக்கும் 'அப்பர்' எனும் ஷூவின் மேற்பகுதிகள் ஐரோப்பிய நிறுவனங்களின் பெயரோடு கடைக்குப் போகின்றன. இது மாற வேண்டும். கழிவை முழுமையாகச் சுத்திகரித்து, தொழிலாளிக்கு நியாயமான கூலி தந்து செய்த ஷூவில் 'ஆம்பூர்' என்று பொறிக்கத் தொழிலதிபர்களும் அரசும் முன்வரட்டும். தளபதிகளின் பெயரை இருநூறு ஆண்டுகள் சுமந்த தோல், தன்னைப் பதனிட்ட ஊரின் பெயரையும் சுமக்கட்டும்.