சர்க்கரை குறைந்தால் குணமா? பழைய மருந்துச் சீட்டால் வரும் ஆபத்து!

மாலை நேரம். கூடுவாஞ்சேரி ரெயில் நிலையத்தில் மின்சார ரெயில் வந்து நிற்கிறது. வேலைக்குப் போனவர்கள் இறங்குகிறார்கள். வீட்டுக்குப் போகும் வழியில் மருந்துக் கடை. சட்டைப் பையில் இருந்து ஒரு பழைய சீட்டு வெளியே வருகிறது.

"அப்பாவுக்கு அதே சர்க்கரை மாத்திரை. ஒரு மாதத்துக்குக் கொடுங்க!"

சீட்டு எழுதி எத்தனை வருடம் ஆயிற்று? யாரும் யோசிப்பதில்லை. எல்லா ஊரிலும் நடப்பதுதான் இது.

இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாக 2023-ல் வெளியான ஓர் ஆய்வு கூறியது. அவர்கள் வீட்டார் எல்லோரும் தெரிந்து கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு.

வடிகட்டி கெட்டால்...

சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டுகிறது. கழிவோடு பல மருந்துகளையும் வெளியே தள்ளுகிறது. நெடுநாள் சர்க்கரை வியாதி இந்த வடிகட்டியையே கெடுத்துவிடும். தொடக்கத்தில் வலி இருக்காது. ஆகவே வெளியே தெரியாது.

பலரும் சாப்பிடும் மாத்திரை மெட்பார்மின். நல்ல மருந்துதான். அது சிறுநீர் வழியாகத்தான் வெளியேறும். சிறுநீரகம் மிகவும் கெட்டால் உடம்பிலேயே தேங்கும். அப்போது ரத்தத்தில் ஒரு வகை அமிலம் பெருகலாம். வாந்தி, மூச்சு வாங்குதல், மயக்கம் வரும். உயிருக்கே ஆபத்து!

ஏமாற்றும் மகிழ்ச்சி

இன்சுலினையும் கிளிபென்கிளமைடு மாத்திரையையும் உடம்பில் இருந்து அகற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பங்கு உண்டு. அது தளர்ந்தால் மருந்தின் வேகம் நெடுநேரம் நீடிக்கும். சர்க்கரை அளவுக்கு மீறிக் குறையும். வியர்வை, நடுக்கம், மயக்கம் உண்டாகும்.

"அப்பாவுக்குச் சர்க்கரை தானாகக் குறைந்துவிட்டது" என்று வீட்டில் மகிழ்வார்கள். அது குணமாக இல்லாமல், சிறுநீரகம் கெட்டதன் அடையாளமாகவும் இருக்கலாம்!

தடை செய்யப்பட்ட மருந்து

மெட்பார்மினுக்கு நெருங்கிய உறவான மருந்து பென்பார்மின். அதனால் அமிலம் பெருகிப் பலர் இறந்தார்கள். அமெரிக்கா 1977-ல் அதை நிறுத்தியது. இந்தியா 2003-ல் தடை செய்தது.

மெட்பார்மினில் அந்த ஆபத்து மிகக் குறைவு. ஆனால் சிறுநீரகத்தின் வேலைத்திறனைக் கணக்கிட்டுத்தான் டாக்டர்கள் அதைக் கொடுக்கிறார்கள். கணக்கு 45-க்குக் கீழே போனால் அளவைக் குறைப்பார்கள். 30-க்குக் கீழே போனால் நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பதிலாகக் கொடுக்க வேறு மருந்துகள் இருக்கின்றன.

செய்ய வேண்டியது என்ன?

வருடத்துக்கு ஒரு முறையாவது இரண்டு பரிசோதனை செய்ய வேண்டும். ஒன்று, ரத்தத்தில் 'கிரியேட்டினின்'. மற்றொன்று, சிறுநீரில் புரதம். சிறுநீரகம் தளர்ந்தவர்கள் டாக்டர் சொல்லும் இடைவெளியில் அடிக்கடி பார்க்க வேண்டும்.

கடுமையான வாந்தி, பேதி வந்தால் உடனே டாக்டரைக் கேட்க வேண்டும். சில மாத்திரைகளைச் சில நாள் நிறுத்தச் சொல்வார். வலி மாத்திரையைத் தானாக வாங்கி விழுங்கக் கூடாது. அதுவும் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

இதைப் படித்துவிட்டுப் பயந்து, மாத்திரையை நிறுத்திவிடவும் கூடாது! சர்க்கரை ஏறினாலும் சிறுநீரகம் கெடும்.

வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தமிழக அரசு 2021 ஆகஸ்டு 5-ந் தேதி தொடங்கியது. மாத்திரை வீடு தேடி வரலாம். பரிசோதனைக்கு நாம்தான் கிளம்ப வேண்டும். கிளம்பும்போது அந்தப் பழைய சீட்டையும் டாக்டரிடம் காட்ட எடுத்துச் செல்லுங்கள்!